யாரும் குறை சொல்லாத கட்டுரை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை நீயாகவே நிறுத்திவிடாதே.

எங்கள் பல்கலைக்கழகச் சட்டத்துறையில் புதன்கிழமைதோறும் ஒருவருடைய ஆராய்ச்சிக் கட்டுரையை எல்லாரும் சேர்ந்து கிழிகிழியென்று கிழிப்பார்கள். பேராசிரியரே எழுதியிருந்தாலும் தப்ப முடியாது. இந்த இடத்துக்குப் பேர் வந்ததே அதனால்தான். இந்த வாரம் என் முறை. வாடகைக்குக் குடியிருப்பவர்களைத் திடீரென்று காலி செய்யச் சொல்வது பற்றி எழுதியிருந்தேன். வாசித்து முடித்ததும், "நல்லா இருக்கு" என்று கைதட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். தலைகால் புரியாத சந்தோஷத்தில் அறைத்தோழிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "இங்க யாரும் சண்டைக்கு வரலைன்னா, கட்டுரையில சரக்கு இல்லைன்னு அர்த்தம்டி."

நீ பயப்படாதே. திருத்தி எழுதி அடுத்த மாதம் மறுபடி வாசிக்கலாமா என்று பேராசிரியரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில்தான் வரவில்லை. என் பழைய போர்வையை அனுப்ப முடியுமா? புதுசில் தூக்கமே பிடிக்கவில்லை.

நூலகத்தை மூடுகிறார்கள், அவசரமாக முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் கட்டுரையை உனக்கு வாசித்துக் காட்டுகிறேன். அப்பா மாதிரி தலையாட்டிவிடாதே. நான் வாயைத் திறந்தாலே குறை கண்டுபிடிப்பாயே, அப்படியே கேள். இங்கே வந்ததிலிருந்து என்னை ஒருத்தரும் திட்டவே இல்லை, அம்மா.

உன் மகள்