குலிஸாரின் கட்டில்

மேற்கு பெர்லின்,
பிப்ரவரி 1969

என் வீட்டுக்காரர் நெஜ்மி அவர்களுக்கு, நஸ்மியே சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதினால் நம்பிவிடுவீர்கள், அதனால் எழுதவில்லை. மாமியாருக்கு உடம்பு சுகம்தானே? பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று கேட்டிருந்தேன், நீங்கள் பதிலே போடவில்லை.

உங்கள் தங்கை ஸெலிஹாவின் பெயரைத் தொழிற்சாலையில் கொடுத்து அவளை இங்கே வரவழைக்கச் சொல்லி மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். நான் வெள்ளைச் சுவர் வைத்த மாளிகையில் இருக்கிறேன் என்று டீக்கடையில் பெருமை அடிக்கிறீர்களாம். மாளிகையின் லட்சணத்தைக் கேளுங்கள். தொழிற்சாலை விடுதியில் ஓர் அறைக்கு ஆறு பெண்கள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டில். மாடி முழுவதற்கும் ஒரே சமையலறை. யாரோ பன்றிக் கொழுப்பு வதக்கிய சட்டியைக் கழுவாமல் போட்டுவிட்டுப் போகிறார்கள். அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத்தான் நாங்கள் கோதுமை நொய் வேகவைக்கிறோம். பாத்திரம் கழுவும் தொட்டியில் எப்போதும் ஊறிப்போன ரொட்டியும் தலைமுடியும். கழிப்பறையைப் பற்றி எழுதினால் இந்தக் காகிதமே நாறும்.

நம் வழக்கப்படி ஷூவைக் கழற்றி அறைக்கு வெளியே விட்டுக்கொண்டிருந்தோம். விடுதி வார்டன் அம்மாளுக்கு அது ஆகவில்லை. நடையில் ஷூ கிடந்தால் குப்பைக்குத்தான் போகும் என்று மொழிபெயர்ப்பாளர் பெரிஹானை விட்டுச் சொல்ல வைத்தாள். அன்றிலிருந்து ஷூவெல்லாம் கட்டிலுக்கு அடியில். அந்த நாற்றத்தோடுதான் தூங்குகிறோம்.

சொல்ல வந்தது வேறு. எனக்கு மேல் கட்டிலில் படுத்திருந்த, சோரும் என்ற ஊரைச் சேர்ந்த குலிஸார் போன வாரம் மௌத்தாகிவிட்டாள். நம் ஸெலிஹாவைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். வயிற்று வலி என்று சுருண்டு கிடந்தாள். வார்டன் வந்து எட்டிப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"ஊர் நெனப்பு வந்தா அப்படித்தான் வலிக்குமாம். டீ குடிச்சிட்டுப் படுக்கச் சொல்றாங்க," என்றாள் பெரிஹான்.

வந்து இரண்டு வருஷம் கழித்தா ஊர் நினைப்பு வயிற்றுக்கு வரும் என்று கேட்டேன். அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. மறுநாள் குலிஸார் வேலை செய்கிற இடத்திலேயே சரிந்து விழுந்தாள். குடல்வால் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

குலிஸாரின் உடல் ஜனாஸா பெட்டியில் ஊருக்குப் போய்விட்டது. நம் பக்கத்தில் மௌத்தான வீட்டு வாசலில் வைப்பதுபோல, அவளுடைய ஷூவைத் துடைத்து அறை வாசலில் வைத்தோம். ஏழைப்பட்டவள் யாராவது எடுத்துப் போனால் இறந்தவளுக்கு நன்மை சேருமே. வேலை முடிந்து வந்து பார்த்தால் ஷூ இல்லை. யாருக்கோ உதவியது என்று நாங்கள் ஐந்து பேரும் துஆகூடச் செய்தோம். பிறகு நான் குப்பை கொட்டப் போனேன். குப்பைத் தொட்டியில் அழுகிய கோஸுக்கும் முட்டை ஓட்டுக்கும் நடுவில் கிடந்தது. கையை விட்டு எடுத்தேன். வார்டன் என்னைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து! இறந்தவளின் ஷூ என்று எடுத்துச் சொல்லும்படி பெரிஹானைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"செத்தவளுக்கு ஷூ எதுக்குன்னு கேக்குறாங்க," என்றாள் பெரிஹான், தரையைப் பார்த்துக்கொண்டு.

மறுநாளே தொழிற்சாலை மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். கட்டில் காலியாக இருக்கிறது, உன் வீட்டில் சுறுசுறுப்பான பெண் உண்டா, பெயர் சொன்னால் வசந்தத்துக்குள் வரவழைத்துவிடலாம் என்றார். நல்ல மனுஷர்போலச் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மெத்தையைக்கூட மாற்றவில்லை. குலிஸார் வாந்தி எடுத்த கறை கீழே போகும்படி திருப்பிப் போட்டு, மேலே சலவை விரிப்பு விரித்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் பெண்ணே கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்குக் கோபம் வரும். நாத்தனார் முன்னுக்கு வருவது பொறுக்கவில்லை என்று மாமியார் தெருவெல்லாம் சொல்வார்கள். சொல்லட்டும். ஸெலிஹாவிடம் மட்டும் காரணத்தைச் சொல்லாதீர்கள். சொன்னால் எனக்கென்ன பயம் என்று இன்னும் பிடிவாதம் பிடிப்பாள். என் மேலேயே பழியைப் போடுங்கள். அவள் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, பல்லெல்லாம் போன பிறகும் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டே இருக்கட்டும். அல்லாஹ் அவளுக்கு அவ்வளவு ஆயுசைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நஸ்மியே