பானை உள்ளே இருந்த பத்தொன்பது நாள்

போச்சம்பள்ளி,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் மெஹக்குக்கு அத்தா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையில் இங்கே நான் சுகம், முட்டிவலி மட்டும் என்னை விட்டுப் போக மனசில்லாமல் இருக்கிறது. டெல்லியில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். போன் இருக்கும்போது அத்தா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று பார்ப்பாய், போனில் சொன்னால் நீ பாதியிலேயே பரவாயில்லை அத்தா என்று சொல்லிவிடுவாய், நானும் அப்பாடா என்று விட்டுவிடுவேன், இது அப்படி விடுகிற விஷயம் இல்லை. நாகரசம்பட்டியிலிருந்து உன் பெரியம்மா மெஹ்னாஸ் மாங்காய் ஊறுகாய் கொடுத்து அனுப்பினாள், உப்பு தூக்கல், அதைச் சொல்லிச் சண்டை போடக்கூட வீட்டில் ஆள் இல்லை, நானே சாப்பிட்டு நானே குறை சொல்லிக்கொள்கிறேன். இன்றைக்குக் கம்பெனி லீவு, வேலையாட்களை ஏற்ற பஸ் வராது, ரோடு காலியாகக் கிடக்கிறது. பஞ்சர் கடையைத் திறந்து வைத்துச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

நீ காலேஜில் இந்த மாதக் கடைசியில் படிக்கப்போகிற கட்டுரையை எனக்காகத் தமிழில் கையால் எழுதி அனுப்பியிருந்தாயே, வந்தது, நாலு தடவை படித்துவிட்டேன். டிவி நடந்ததைச் சொல்வதோடு நிற்பதில்லை, அடுத்தது உன் வீடுதான் என்று சொல்லி நம்மை உட்கார வைக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஒரு மனுஷியைக் கும்பல் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவள் முகத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். என் பெண்ணா இது என்று பெருமையாக இருந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறாய் பார், எங்கள் கடை வாசலில் என் அம்மா குல்ஷன் வைத்த தண்ணீர்ப் பானை இன்றைக்கும் இருக்கிறது, டிவி எவ்வளவு கத்தினாலும் என் அத்தா அதை உள்ளே எடுத்ததில்லை என்று, அதைப் படித்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அது பொய் அம்மா. நீ தெரியாமல் எழுதிய பொய், செய்தவன் நான்.

ரம்ஜான் முடிந்து வெயில் ஏறிய சமயம் டிவியில் நாள் முழுக்க ஒரே செய்தி, தண்ணீர் கேட்டு வரும் மர்ம கும்பல், பீதியில் மக்கள் என்று. பின்னால் தடதடவென்று மேளம். ஏதோ ஒரு தெருவில் பை மாட்டிக்கொண்டு ஒரு பெண் நடந்து போகிறாள், அவளைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். வீட்டில் பேச்சுச் சத்தம் வேண்டும் என்று டிவியை எப்போதும் ஓடவிட்டு வைப்பவன் நான், அதனால் எனக்கு அது நாற்பது தடவை நடந்த மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து டீக்கடைத் திருமலையும் அதையே தெரு குரூப்பில் போட்டான். மறுநாள் காலையில் பானையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன். நம் தகரக் கொட்டகை நிழலில் இரண்டாம் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் ஒடிசாப் பெண்கள் ஆறு பேர் உனக்குத் தெரியும், போன லீவில் நீகூட இந்தியில் பேசினாயே. அதில் மினதி என்கிற பெண் வழக்கம்போல் காலி பாட்டிலோடு வந்து சாச்சா, பானி என்று தண்ணீர் கேட்டாள். தினமும் பார்க்கிற முகம். ஆனால் என் கண்ணுக்கு அவள் தோளில் இருந்த பை மட்டும்தான் தெரிந்தது. தண்ணி இல்லை என்று கையை ஆட்டிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன், கையில் ஸ்பேனர் வேறு. என் முதுகுக்குப் பின்னால் பானை கழுத்துவரை நிறைந்து நின்றது. உன் அம்மா இருந்தவரை இந்த வாசலில் தண்ணீரை வைத்துக்கொண்டு இல்லை என்று யாரும் சொன்னதில்லை.

அதோடு நிறுத்தினேனா என்றால் இல்லை. குரங்கு கையில் பூமாலை மாதிரி என் கையில் போன் இருக்கிறதே, குரூப்பில் குரல் பதிவு போட்டேன், நம்ம கடைக்கும் தண்ணி கேட்டு ஒரு கும்பல் வந்துச்சு, எல்லாரும் உஷாரா இருங்கப்பா என்று. ஒரு பெண், ஒரு பாட்டில், அதைத்தான் கும்பல் என்றேன். டிவிக்காரன் சொன்னதுகூட இல்லை, என் வாயால் நானே சொன்னது. சாயங்காலத்துக்குள் அது நாலு குரூப்புக்குப் போய்விட்டது, மறுநாள் திருமலை அவர்களுக்கு டீ கொடுக்கவில்லை. அன்றிலிருந்து ஆறு பேரும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். அங்கே ஒரு மரம் கிடையாது. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் நிற்கிறார்கள், நான் இங்கே நிழலில் உட்கார்ந்து பார்க்கிறேன். அவர்கள் பஸ்ஸுக்கு நிற்கிற கால் மணி நேரம்தான் எனக்கு நாளில் மனிதர் பேச்சு, அதையும் நானே அடைத்துக்கொண்டேன். வீட்டில் தனிமை என்று உன்னிடம் புலம்புவேனே, இதில் பாதி நான் தேடிக்கொண்டது.

பத்தொன்பதாம் நாள் உன் கட்டுரை வந்தது. அன்றைக்கே பானையைக் கழுவித் தண்ணீர் ஊற்றி வெளியே வைத்தேன். குரூப்பிலும் சொன்னேன், நான் சொன்னது தப்பு, கும்பல் எல்லாம் இல்லை, தினமும் வருகிற பெண்தான் என்று. அதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை, திருமலை மட்டும் ஒரு கட்டை விரல் போட்டான். பெண்களைக் கையசைத்துக் கூப்பிட்டேன், வரவில்லை. பஸ் டிரைவர் சென்னகிருஷ்ணனுக்கு இந்தி தெரியும், அவரைக் கேட்கச் சொன்னேன். அவர் விசாரித்துவிட்டு வந்து, அண்ணா, அதுங்க போன்லயும் ஒரு வீடியோ ஓடுது, இந்தப் பக்கத்து ஆளுங்க தண்ணியில எதையோ கலக்கறாங்கன்னு, பயந்து கெடக்குதுங்க என்றார். எனக்கு ஒரு வீடியோ, அவர்களுக்கு ஒரு வீடியோ, நடுவில் ஒரு ரோடு. அதிலிருந்து நாலு நாளாக மத்தியானம் ஒரு மணிக்கு அவர்கள் பார்க்கிற மாதிரி வாசலில் நின்று பானையில் மொண்டு ஒரு டம்ளர் குடிக்கிறேன். தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மினதி பார்க்கிறாள், பஸ் வருகிறது, ஏறிப் போய்விடுகிறாள்.

கட்டுரையில் என்னைப் பற்றிய பகுதியை அடித்துவிடாதே, நடந்ததை எழுது. அத்தா பயந்தார், பொய் சொன்னார் என்று எழுது. என் பெயரைப் போட்டாலும் சரிதான், உனக்கு அதில் வெட்கம் வந்தால் பொறுத்துக்கொள். வெயிலில் குடை இல்லாமல் போகாதே, ராத்திரியில் மோர் குடிப்பதை விடு, வெள்ளிக்கிழமை உன் அம்மாவுக்கு யாஸீன் ஓத மறக்காதே. அல்லாஹ் உன் படிப்பில் பரக்கத்தையும் உன் நாக்கில் உண்மையையும் கொடுக்கட்டும்.

ஒரு வேலை மட்டும் உனக்கு இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் மத்தியானம் சரியாக ஒரு மணிக்கு எனக்குப் போன் செய். நான் போனை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி மினதியிடம் கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்த இந்தி தண்ணிக்கு பானி, வெயிலுக்கு கர்மி, அப்புறம் பஸ், அவ்வளவுதான், இதற்கு வேண்டிய வார்த்தை என்னிடம் இல்லை. நீ அவளிடம் வேறெதுவும் சொல்ல வேண்டாம். அன்றைக்குப் பானையில் தண்ணீர் இருந்தது என்று சொல்.

இப்படிக்கு,
உன் வழி பார்த்திருக்கும் அத்தா
நூருல்லா