ரோஸ்லின் தேர்வுக்கு வந்திருந்தாள்

என் ஆசை நைனா,

நீ கண்ணை மூடி ஆறு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இன்று எழுத உட்கார்ந்தது பாசத்தில் இல்லை, கோபத்தில். யார் மேல் கோபம் என்று கேட்டால் பெரிய பட்டியலே வைத்திருக்கிறேன். அதில் உன் பேரும் உண்டு, என் பேரும் உண்டு.

உன் பல்கலைக்கழகத்துக்கு விழா எடுக்கிறார்கள். சிறப்பு மலர் போடுகிறார்களாம். பல்கலைக்கழகத்தின் வரலாறும் வளர்ச்சியும் என்று ஒரு கட்டுரை வேண்டும், நீங்கள் தேர்வுப் பிரிவு ஊழியரின் மகள், இங்கேயே படித்தவர், இணைப்புக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், உங்களைவிட யார் பொருத்தம் என்று மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. நான்கு பக்கத்துக்குள் நல்ல விஷயமாக எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் இதுதான் வருகிறது. இதை அவர்கள் போடப்போவதில்லை. அதனால் உனக்கே அனுப்புகிறேன், மற்றவர்கள் கூடவே படித்துக்கொள்ளட்டும்.

வரலாறு என்றால் நீ சொன்னதுதான் எனக்குத் தெரியும். மயிலாப்பூரில் ஒரு வாடகை வீடு. மாடியில் தமிழ்த்துறை, கீழே வரலாறும் பொருளாதாரமும், பின்பக்கம் சமையலறையாக இருந்த இடத்தில் தேர்வுப் பிரிவு. மழை பெய்தால் விடைத்தாள் கட்டுகளைத் தூக்கி அடுப்பு மேடைமேல் அடுக்குவீர்களாம். பெரியப்பாவும் சித்தப்பாவும் கடலுக்குப் போக, நீ மட்டும் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு நொச்சிக்குப்பத்திலிருந்து நடந்தே அந்த வீட்டுக்குப் பியூன் வேலைக்குப் போனாய்.

அப்புறம் அடையாற்றுக் கரையில் நிலம் கிடைத்தது. ஒவ்வொரு கட்டடமாக எழுந்தது. நூலகம் வந்தது. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலைக் கல்லூரி வந்தது, அஞ்சல்வழிப் படிப்பு வந்தது. தி.நகர் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று புடவை மடித்தவர்கள் வேலை முடிந்து வந்து பி.ஏ. படித்தார்கள். அது வளர்ச்சி நைனா. அதை நான் என்றைக்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன். நம் தெருவில் முதல் பட்டம் நான் வாங்கியபோது நீ என்னைவிட அதிகமாக ஆடினாய்.

உன்மேல் கோபம் அங்கேதான் தொடங்குகிறது. எனக்கு வேறு வேலை கிடைத்தபோதெல்லாம் போகாதே என்று தடுத்தாய். "இது சர்க்கார் யூனிவர்சிட்டி கண்ணு. லேட்டு பண்ணும், ஏமாத்தாது" என்றாய். அதை நம்பிப் பதினான்கு வருஷம் கௌரவ விரிவுரையாளராகவே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் பட்டியல் வரும். அதில் பேர் இருந்தால் அந்த வருஷம் வேலை, இல்லையென்றால் இல்லை. காரணம் கேட்க முடியாது, கேட்டவர்களின் பேர் அடுத்த வருஷம் இருந்ததில்லை. ஏன் நைனா அப்படிச் சொன்னாய்? உனக்கு நிஜமாகவே தெரியாதா, இல்லை தெரிந்தும் சொன்னாயா?

இப்போது நீ வந்து பார்த்தால் உன் ஆபீசுக்கு வழி தெரியாமல் நிற்பாய். வாசலில் பெரிய வளைவு, உள்ளே கண்ணாடிக் கட்டடம், லிப்ட். இணைப்புக் கல்லூரிகள் அங்கேயும் இங்கேயும் முளைத்துவிட்டன. ஆனால் ஓய்வுபெற்றுப் போனவர்களின் இடத்தில் யாரையும் போடவில்லை. துணைவேந்தர் நாற்காலியே காலியாகக் கிடக்கிறது, ஒரு குழு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறது. தேர்வு வேலையை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். உன் நாற்காலியில் ஆள் இல்லை. நாற்காலியும் இல்லை.

உன் வேலை என்ன என்று இங்கே யாருக்கும் தெரியாது. நான் சொல்கிறேன், மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும். கல்லூரியிலிருந்து வரும் விடைத்தாள் கட்டை நீ பிரிப்பாய். ஒவ்வொரு தாளின் பதிவு எண்ணையும் சத்தமாகப் படிப்பாய். எதிரில் கிளார்க், அந்த ஹாலில் தேர்வுக்கு வராதவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வரிசையில் ஓர் எண் விட்டுப்போனால் நிறுத்திவிடுவாய். "சார், இங்க ஒரு பல்லு காணோம். இன்னா நம்பரு?" அவர் பட்டியலில் இருக்கும் எண்ணும், கட்டில் விட்டுப்போன எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த தாளைத் தொடுவாய்.

இல்லையென்றால் அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தக் கல்லூரிக்குப் போவாய். ஹாலில் மேற்பார்வைக்கு இருந்த வாத்தியாரைப் பிடித்துப் பட்டியலைத் திருத்திக் கையெழுத்து வாங்கி வருவாய். யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொண்டதில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்களாம். "வாத்தியாருன்னா தப்பு பண்ண மாட்டாரா? அதுக்குத்தான் நம்ம கீறோம்" என்பாய்.

இனி ரோஸ்லின் கதைக்கு வருகிறேன். சைதாப்பேட்டையில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் பி.ஏ. கடைசி வருஷம் படித்த பெண். அவள் அம்மா நம் குப்பத்து ரோட்டோரம் மீன் விற்கிறவள், உனக்குத் தெரிந்த குடும்பமாகத்தான் இருக்கும். மே மாதம் முடிவு வந்தது. எல்லாத் தாளிலும் பாஸ். ஒரு தாளில் மட்டும் தேர்வுக்கு வரவில்லை என்று போட்டிருந்தது. பி.எட். படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் எல்லாத் தாளும் பாஸ் என்று காட்டாவிட்டால் அந்த இடம் போய்விடும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றால் அவள் வீட்டில் அடுத்த வருஷம் என்பதே கிடையாது, மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார்கள்.

"நான் எழுதுனேன் மிஸ். அன்னிக்கு ஹால்ல நீங்கதானே இருந்தீங்க?" என்றாள்.

நான்தான் இருந்தேன். அவள் எழுதியதை என் கண்ணால் பார்த்தேன். மறுநாளே பஸ் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். தேர்வுப் பிரிவு வராண்டாவில் ஏழெட்டுப் பிள்ளைகள் ரோஸ்லின் கையில் இருந்த மாதிரியே, தேர்வுக்கு வரவில்லை என்று போட்ட முடிவுக் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கோபம் ஏறிவிட்டது. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் அரை மணி நேரம் கத்தினேன். கம்பெனிக்காரன் தாளைத் தொலைத்துவிட்டான், நீங்கள் அதற்கு வக்காலத்து வாங்குகிறீர்கள், எங்க நைனா இதே ஆபீசில் வேலை பார்த்தவர், எனக்கு எல்லாம் தெரியும் என்று பிடிபிடியென்று பிடித்தேன். பின்னால் நின்ற பிள்ளைகள் எல்லாம் எனக்காகத் தலையாட்டினார்கள்.

அந்தப் பெண் ரோஸ்லினின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கணினியில் எதையோ தேடி எடுத்து, திரையை என் பக்கம் திருப்பினாள். எங்கள் ஹாலின் வராதோர் பட்டியல். சிவப்பு மையில் ஒரே ஓர் எண். ரோஸ்லினின் எண்.

"மேடம், இது உங்க கையெழுத்துதானே?" என்று மட்டும் கேட்டாள்.

என் கையெழுத்துதான் நைனா. என் எழுத்துதான், என் சிவப்புப் பேனாதான்.

அன்றைக்கு எனக்கு இரண்டு ஹால். பக்கத்து ஹாலுக்குப் போட ஆள் இல்லை. இங்கேயும் அங்கேயும் ஓடிக்கொண்டே இருந்தேன். ரோஸ்லினுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு காலி, அந்தப் பையன் படிப்பை விட்டே நின்றுவிட்டவன். காலி பெஞ்சைப் பார்த்துவிட்டு, அதற்கு முன் பெஞ்சின் எண்ணை எழுதியிருக்கிறேன். எண்ணிக்கை சரியாக இருந்தது, ஒருவர் வரவில்லை என்றால் ஒருவர் வரவில்லை. கட்டு அப்படியே இயந்திரத்துக்குள் போனது. ரோஸ்லினின் தாளை யாரோ திருத்தி மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார்கள். ஆனால் வராதவள் என்று கணினி சொல்லிவிட்டதால் அந்த மதிப்பெண் அவள் பேரில் ஏறவில்லை. நின்றுபோன பையனைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

இரண்டு ஹால் கொடுத்தவன்மேல் பழி போடலாம். உன்னைப் போல எண்ணைப் படித்துப் பார்க்க ஓர் ஆளை வைக்காதவன்மேல் போடலாம். போட்டேன், இப்பவும் போடுகிறேன். ஆனால் எழுதியது நான்.

மேற்பார்வைக்கு இருந்த நான் தவறு செய்தேன் என்று எழுதி, கல்லூரி முதல்வர் வழியாகக் கொடுத்தால் திருத்தித் தருகிறோம் என்றாள் அந்தப் பெண். முதல்வரிடம் போனேன். கெட்ட மனுஷர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "செல்வி, ஜூன்ல லிஸ்ட்டு வரப்போவுது. இந்த நேரத்துல உன் பேர்ல ஒரு தப்பு ஃபைல்ல ஏறணுமா? அந்தப் பொண்ணு லேட்டா வந்துச்சு, அதுக்குள்ள ஆப்சென்ட் போட்டுட்டோம்னு எழுது. அது ஒரு மன்னிப்புக் கடிதம் குடுத்தா முடிஞ்சிடும்."

நான் அதை எழுதினேன் நைனா. உன்னிடம் மறைக்க முடியாது. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, ரோஸ்லின் எழுதுவது போலவே, நான் தாமதமாக வந்தேன், மன்னிக்கவும் என்று எழுதி வைத்தேன். அன்றைக்கு அவள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள். அரை மணிக்குமேல் தாமதம் என்று எவனாவது குறுக்கே விழுந்தால் அவள் தாளையே ரத்து செய்யலாம், அந்த விதியும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். முழுசாகப் படித்தாள். அப்புறம் என் மேசையிலிருந்த பேனாவையே எடுத்தாள்.

"பரவால்ல மிஸ். லேட்டா வந்தேன்னே இருக்கட்டும். உங்க வேல போயிடக் கூடாது" என்றாள்.

இருபது வயசுப் பெண். யார் தப்பு செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எனக்காகப் பொய் சொல்லக் குனிந்தாள். அந்த நிமிஷம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டேன். வேறு தாள் எடுத்து, அன்றைய தேர்வில் இந்த மாணவி வந்து எழுதினாள், வராதவர் என்று தவறாகக் குறித்தது நான், அவள் மேல் எந்தப் பிழையும் இல்லை என்று எழுதினேன். முதல்வர் தலையில் அடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, ஆட்டோ பிடித்துப் போய்க் கவுண்டரில் கொடுத்தேன்.

ரோஸ்லினுக்கு மதிப்பெண் ஏறிவிட்டது. நல்ல மதிப்பெண். பி.எட். சேர்ந்துவிட்டாள். அவள் அம்மா என்னைப் பார்த்ததும் கூடையிலிருந்த சங்கரா மீனை எல்லாம் அள்ளிப் பையில் போட்டாள். உன் பெண்ணைச் சாகடிக்கப் பார்த்தவள் நான்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன், அவள் என்னைப் பேசவே விடவில்லை.

ஜூன் பட்டியல் வந்தது. என் பேர் இல்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தப்பு செய்து அதை ஒப்புக்கொண்டவளுக்கு இடம் இல்லை. பொய் எழுதியிருந்தால் இன்றைக்கும் அங்கேதான் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன். இதுதான் நைனா, ஏமாத்தாது என்று நீ சொன்ன யூனிவர்சிட்டி. இதைத்தான் வளர்ச்சி என்று நான்கு பக்கம் எழுதச் சொல்கிறார்கள்.

என் வேலை போனதைவிட எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்கு. கடிதம் கொடுக்கப் போன அன்றைக்கு, அந்த வராண்டாவில் நின்ற பிள்ளைகளின் காகிதத்தை எல்லாம் வாங்கிப் பார்த்தேன். எந்தக் கல்லூரி, எந்த ஹால், யார் மேற்பார்வை என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். மேற்பார்வைக்கு இருந்தவர்களில் மூன்று பேர் என்னோடு படித்தவர்கள். எல்லோருமே என்னைப் போலப் பட்டியலை நம்பிப் பிழைக்கிறவர்கள். என் பேர் போனபிறகு ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். ஒருத்தி அழுதாள். "எனக்கும் தெரியும்டி செல்வி, நான்தான் தப்பா எழுதிட்டேன். ஆனா எழுதிக் குடுக்க மாட்டேன். உன் கதிய பாத்துட்டு எவ குடுப்பா?" என்றாள்.

அவளைக் கோழை என்று திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அவள் எழுதிக் கொடுக்காதவரை அவள் ஹாலில் எழுதிய பையன் தேர்வுக்கு வராத பிள்ளைதான். அந்த வராண்டாவை விட்டு அவன் நகர முடியாது.

அதனால்தான் நைனா, உனக்கு எழுதுவதை ஊருக்கே கேட்கும்படி எழுதுகிறேன். அந்த வாத்தியார்களும் படிக்கட்டும். திங்கட்கிழமையிலிருந்து அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போகப்போகிறேன். சமாதானம் பேச இல்லை, சண்டை போடத்தான். கதவைச் சாத்தினால் மறுநாளும் போவேன். கடைசிப் பிள்ளையின் பேருக்கு நேரே மதிப்பெண் ஏறும்வரை போவேன். என்னைப் பயமுறுத்த இனி யூனிவர்சிட்டியிடம் எந்தப் பட்டியலும் இல்லை. இது உன்மேல் சத்தியம்.

தப்பாக எழுதிய, அதை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்த
உன் மூத்த மகள்,
செல்வி