தம்மாமில் உறையாத ஐஸ் கட்டி

அன்பு மச்சானுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. நம் ஐஸ் ஃபேக்டரியில் உங்கள் டியூட்டிக்கு ஒரு கேரளாக்காரர் வந்திருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் வெள்ளிக்கிழமை சாம்பார் கொதிக்கும்போது விஞ்ஞானி கதை சொல்ல அவருக்குத் தெரியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்லோவேனியாக்காரர் ஒருவரைப் பற்றித்தானே எப்போதும் பேசுவீர்கள்? மாவு மில் வேலைக்காரரின் மகன். பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகன் வியன்னாவில் பேராசிரியராகி, சூரியனின் சூட்டையே கணக்குப் போட்டார். தாய்மொழியில் கவிதை எழுதியவர், பிறகு விட்டுவிட்டார். ஆய்வுக்கூடக் கட்டடத்திலேயே தனியாகக் குடியிருந்தார். “நம்மள மாதிரி ரூம் வாழ்க்கைடா மாப்ளே” என்று சிரிப்பீர்கள். ஐம்பதைத் தாண்டிக் கல்யாணம் செய்து, இரண்டு வருடத்துக்குள் இறந்துபோனார் என்னும்போது மட்டும் கரண்டி நின்றுவிடும். அக்காவை நினைத்துக்கொள்வீர்களோ?

அந்த ஆர்டர் ஞாபகம் இருக்கிறதா? வழக்கமான கட்டி உறைய ஒரு நாள். மீன்பிடி போட்டுக்காரர்கள் இரண்டு மடங்கு தடிமன் கேட்டார்கள். “டபுள் தடிமன், டபுள் டைம். ரெண்டு நாள், கலாஸ், அவ்வளவுதான்” என்றார் மேனேஜர்.

“நாலு நாள் ஆகும் சார்” என்றீர்கள். “மேல உறைஞ்ச ஐஸே உள்ள இருக்கிற சூட்டை வெளிய விடாது.” துருவக் கடலுக்குப் போனவர்கள் அளந்து வந்த பனியை வைத்து ஸ்லோவேனியாக்காரர் போட்ட கணக்கு அது.

மேனேஜர் ஸ்டோர் கிளார்க்கான என்னைப் பார்த்தார். “நீ என்ன சொல்ற?”

உங்களுக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவன் நான். இருவரையும் ஊருக்கு அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன். “நீங்க சொல்றதுதான் சார் சரி” என்றேன். நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, துறைமுகத்தில் இறக்கும்போது முதல் கட்டி உடைந்தது. நடுவிலிருந்து உறையாத தண்ணீர் கொட்டியது. போட்டுக்காரர்கள் கத்தினார்கள். வேறொருவராக இருந்தால் அப்போதுதான் மேனேஜரைக் குத்திக்காட்டியிருப்பார். நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: “வழக்கமான கட்டியில பாதித் தடிமன்ல ஊத்துவோம் சார். ஆறு மணி நேரம் போதும்.”

சாயங்காலம் போட்டுகள் ஐஸோடு கிளம்பின. மேனேஜர் சொன்னது ஒரே ஒரு “அச்சா”. ரூமுக்கு வந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள், “சாப்பிட்டியா மாப்ளே?” என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு மன்னிப்புக் கேட்க எனக்கு எங்கே தைரியம்?

உங்கள் காரியத்துக்கு ஊர் போனபோது அக்கா ஒரு கடிதத்தைக் காட்டினாள். அந்த வாரமே நீங்கள் எழுதியது. “மேனேஜர் கோபப்பட்டப்போ உன் தம்பிதான் எனக்காகப் பேசினான். அவன் இருக்கிறவரை எனக்கு இங்க பயமில்ல.” அதைப் படித்துவிட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். உண்மையைச் சொல்லவில்லை.

ஏன் மச்சான் அப்படி எழுதினீர்கள்?

வருகிற லீவில் அக்காவிடம் நடந்ததை நடந்தபடியே சொல்வேன். அவள் என்னைத் திட்டட்டும், பேசாமல்கூட இருக்கட்டும். உங்களை அவள் முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
நீங்கள் விட்டுக்கொடுக்காத உங்கள் மைத்துனன்