காயவிட்ட அவரை

தோட்டச் சங்கத் தலைவருக்கு (வீட்டிலும் அப்படிக் கூப்பிட்டால்தானே திரும்பிப் பார்க்கிறீர்கள்),

சங்கத்துக்கு முதல் பரிசு கிடைத்ததில் சந்தோஷம். நடுவர்கள் வரும் நேரத்தில் அசிங்கமாகத் தெரிகிறதென்று என் பாத்தியிலிருந்த அவரைக்கொடியைப் பிடுங்கி எரித்துவிட்டீர்கள்.

"ஏன்டி, ஒரு காய்ஞ்ச கொடிக்கா இவ்ளோ கோவம்?" என்று போனில் கேட்டீர்கள். ஊருக்கெல்லாம் தோட்டப் பாடம் எடுப்பவருக்கு, விதைக்காகத்தான் கொடியைக் காயவிடுவார்கள் என்று தெரியாதா?

நம் மகள் கடைசியாக ஊன்றிய அவரையின் வழிவந்த கொடி அது. வருடாவருடம் அதிலிருந்தே விதையெடுத்து நட்டுவந்தேன். இப்போது ஒரு விதைகூட மிச்சமில்லை.

கோப்பை வைக்க அவள் படத்தை ஓரமாக நகர்த்தினீர்களே, அப்போதாவது ஞாபகம் வந்ததா?

தங்கை வீட்டில்தான் இருக்கிறேன். கூட்டிப்போக வராதீர்கள்.

இப்படிக்கு,
அவள் அம்மா