நெட்டையனுக்கு ஓய்வு கொடுக்காத வாரம்

என் மோகன் மச்சானுக்கு,

நீ போய் மூன்று வருஷமாகிறது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் துக்கமில்லை, பயம். உன் அம்மாவுக்கு, என் அத்தைக்கு, எழுத்து வாசிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன் தங்கச்சி கலா வாசிப்பாள். வாசிக்கட்டும்.

எல்லோரும் உன்னைத் தங்கமானவன் என்கிறார்கள். நீ அப்படியொன்றும் தங்கமில்லை. கடைக்கு வருகிறவர்கள் முன்னால் என்னை ‘மரமண்டை’ என்று கூப்பிடுவாய். மாத்திரை கொண்டுவர அத்தை கொஞ்சம் பிந்தினால் அன்று முழுக்க அவளோடு பேசமாட்டாய். ஆனால் உன்னைப் போல நிதானமாக ஒரு டீமை நடத்தியவனை நான் பார்த்ததில்லை.

ஸ்கூலில் பாஸ்கெட்போல் விளையாடிய உன்னை, இருதய வால்வு பழுது, இனி ஓடவே கூடாது என்று டாக்டர் நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் பண்டாரவளையில் நான் வேலை பார்த்த நெட் கடையில் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தாய். இன்டர்நெட்டில் ஒரு டீம். விளையாடுவது நாமில்லை, நாம் கோச். சனிக்கிழமை பயிற்சியைப் பிரித்துப் போட்டால், ஞாயிற்றுக்கிழமை மேட்ச் தானாக நடந்து முடிந்திருக்கும்.

ஒவ்வொரு ஆளுக்கும் வாரத்துக்கு இருபது மணி நேரம். ஷூட்டிங், தடுப்பு, ஓட்டம், ஓய்வு எல்லாம் அந்த இருபதுக்குள். ஒன்றில் கூட்டினால் இன்னொன்றில் குறையும். ஓய்வைக் குறைத்தால் களைப்பு ஏறும், களைப்பு ஏறினால் காயம். நமுனுகுலயிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, மூச்சு அடங்கும்வரை வாசலில் நின்றுவிட்டு, அந்த இருபதைப் பிரிக்க நீ காலை நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்வாய். வாயில் நுழையாத பெயரோடு வந்த உயரமான கிழட்டு ஆட்டக்காரனுக்கு ‘நெட்டையன்’ என்று பெயர் வைத்தாய். அவனுக்கு மட்டும் எட்டு மணி நேரம் ஓய்வு. எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

பிறகு உன்னைப் பதுளை ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டார்கள். என் லீவு நாளில் வந்து பார்ப்பேன். நீ துண்டுத் தாளில் கணக்கை எழுதித் தருவாய், நான் சனிக்கிழமை அதைப் போடுவேன். இரண்டு வாரம் அப்படியே போட்டேன். மூன்றாவது வாரம் இறுதி மேட்ச். உன் தாளை மேசையில் வைத்துக்கொண்டே நெட்டையனின் ஓய்வை அழித்தேன். எட்டு மணி நேரத்தையும் ஷூட்டிங்கில் கொட்டினேன். நாலு வருஷமாக நீ சொல்லச் சொல்ல நான்தானே கீபோர்டில் தட்டினேன், ஒரு தடவை என் இஷ்டத்துக்குப் போட்டால் என்ன?

பாதி மேட்ச்சில் நெட்டையனுக்கு முழங்கால் போனது. தோற்றோம்.

செவ்வாய்க்கிழமை வந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கலா பிளாஸ்கோடு நின்றாள்.

“நெட்டையனுக்கு எவ்வளவு ஓய்வு போட்ட?” என்று கேட்டாய்.

“நீ சொன்ன எட்டுதான்.”

நீ தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாய். நீ பாஸ்வேர்டைச் சொல்லி அனுப்பி, ஆஸ்பத்திரிக்கு முன்னாலிருந்த நெட் கடையில் கலா பிரின்ட் எடுத்து வந்த அந்த வாரக் கணக்கு. ஓய்வு, பூச்சியம்.

“ஒன்ன நம்பி ஒரு கம்ப்யூட்டர் ஆளக்கூட விட முடியலடா. உசுருள்ள எதையும் யாரும் ஒங்கிட்ட குடுக்கல, நல்லதாப் போச்சு.”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குச் சூடேறியது.

“கக்கூசுக்குப் போக ஒன்ன ரெண்டு பேரு தூக்கணும். ஓடுறவனப் பத்தி நீ பேசாத. நீ எந்திரிச்சு வரப்போறதில்ல மோகன். அந்த டீம் இனி என்னோடது.”

வார்டே கேட்டது. நீ தாளை நாலாக மடித்தாய். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் வெளியே வந்து பண்டாரவளை பஸ்ஸில் ஏறினேன்.

வியாழக்கிழமை கடைக்குப் போன் வந்தது, நீ செத்துவிட்டாய் என்று. அப்போது நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? உன் டீமைத் திறக்கப் பார்த்தேன். பாஸ்வேர்ட் பிழை என்றது. திரும்பவும் தட்டினேன், பிழை. எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அதற்குப் பிறகுதான் கடையைப் பூட்டிவிட்டு உன்னைப் பார்க்க வந்தேன்.

உங்கள் தோட்டத்து லய வீட்டு வாசலில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கலா வாயத் தொறக்க மாட்டேங்குறா. நீயும் பார்த்தியே அய்யா, கடைசியா எம்புள்ள என்ன சொன்னான்?”

“சிரிச்சுப் பேசினான் அத்தை. ஒங்களப் பத்தித்தான் கேட்டான்.”

கலா என்னைப் பார்த்தாள். 

கருமாதி அன்று பைப்படியில் அவளைத் தனியாகப் பார்த்து, வெட்கமில்லாமல் பாஸ்வேர்டைப் பற்றித்தான் கேட்டேன்.

“நீங்க வெளிய போனதுமே மாத்தச் சொன்னிச்சு மச்சான். ‘இனி நீ பாத்துக்க, அவன உள்ள விடாத’ன்னிச்சு. அதான் அண்ணன் கடைசியாப் பேசினது. பெறகு வாயே தொறக்கல.”

 “அத்தைகிட்ட உண்மையச் சொல்லிடறேன் கலா.”

“சொன்னா ஒங்க மனசு லேசாயிரும். அம்மாவுக்கு என்ன இருக்கும்?” என்றாள். “நீங்க சொன்ன பொய், நீங்களே காப்பாத்துங்க. மாசா மாசம் வந்து, அம்மா கேக்குறப்பல்லாம் சொல்லுங்க.”

வருகிறேன் மச்சான். ஒரு மாசமும் தவறவில்லை. “வேற ஒன்னும் சொல்லலயா?” என்று அத்தை ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு நாள், அவள் சுடுகிற ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் நீ ஆசையாகக் கேட்டாய் என்று சேர்த்துவிட்டேன். அன்றிலிருந்து நான் வரும் நாளெல்லாம் ரொட்டி சுடுகிறாள். நான் தின்று முடிக்கும்வரை எதிரே குந்தி என் வாயையே பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்திருக்கும் கலா உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். என்னோடு பேசமாட்டாள்.

டீம் நன்றாக இருக்கிறது. கலா பதுளையில் டீச்சராகிவிட்டாள், அங்கிருந்து நடத்துகிறாள். போன வருஷம் கப் எடுத்தாள். முன்பின் தெரியாதவனைப் போல வெளியிலிருந்து டீமின் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அவளால் இது முடியும் என்று உனக்கு அப்போதே தெரிந்திருந்ததா? நான்தான் தேவையென்று ஏன் அத்தனை வருஷம் என்னை நம்ப வைத்தாய்?

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டாலும் நீ தரமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் வருவேன். அத்தை கேட்டால் சொன்னதையே சொல்வேன், ரொட்டியைத் தின்பேன். நீ பேசாத ஒரு வார்த்தையைக்கூட இனிமேல் புதிதாகச் சேர்க்கமாட்டேன். ஏற்கனவே சொன்னதில் ஒன்றையும் அவளிடமிருந்து திருப்பி எடுக்கவும் மாட்டேன்.

இப்படிக்கு, நீ வேண்டாமென்ற பிறகும் உறவு விடாத உன் மச்சான்,
சந்திரன்