நெட்டையும் நானும் ஓர் அண்ணனும்

மார்ச் 4
நெட்டை இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டான். ஒன்றாகப் பயிற்சி முடித்தோம், ஒரே பிரிவில் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் இன்னும் சப்-இன்ஸ்பெக்டர்தான். இளைஞர்கள் ஏன் தீவிரவாதத்துக்குப் போகிறார்கள் என்று கூட்டத்தில் வாசித்தானே, அந்த அறிக்கையில் பாதி என் குறிப்பு. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது.

மார்ச் 7
இணையத்தில் ஆள் பிடிக்கும் ஒரு குழுவுக்குள் பொய்ப் பெயரில் நுழைய வேண்டும் என்று எனக்கு உத்தரவு. கையெழுத்து போட்டது நெட்டை! உள்ளே போக ஒரு மனக்குறை வேண்டும். நான் ஒரு கம்பெனிக் காவலாளி, கூட இருந்தவன் என் உழைப்பில் பேர் வாங்கி மேலே போய்விட்டான் என்று எழுதினேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 15
குழுத் தலைவனை எல்லோரும் ‘அண்ணன்’ என்கிறார்கள். ஆயுதம் என்று இதுவரை ஒரு வார்த்தை இல்லை. “சாப்டியா தம்பி? இன்னைக்கு அவன் என்ன பண்ணான்?” என்று தினமும் கேட்கிறான். வீட்டில் நெட்டையைப் பற்றி நான் வாயைத் திறந்தால், “அவரை விட்டா உங்களுக்கு வேற பேச்சே கிடையாதா?” என்கிறாள் மனைவி.

மார்ச் 22
வெள்ளிக்கிழமைதோறும் உரையாடலை முழுதாக நெட்டையிடம் கொடுக்க வேண்டும். அவனைப் பற்றி நான் கொட்டியிருந்த நான்கு பக்கத்தை உருவிவிட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 27
புதிதாக ஒருவன் சேர்ந்திருக்கிறான். அண்ணன் அவனைத் ‘தங்கம்’ என்கிறார். என்னை ஒருநாளாவது அப்படிக் கூப்பிட்டாரா? காலையிலிருந்து எனக்குப் பதிலே இல்லை.
என்ன எழுதறேன் நான்? ஆள் பிடிக்கிறவன் அவன். அவன் பேச்சுக்கு ஏங்கிக்கிட்டு — சீ. போலீஸ்காரனாடா நீ?

ஏப்ரல் 2
அண்ணன் கேட்டார்: “உன் ஆளு வீடு எங்க? எத்தனை மணிக்குக் கிளம்புவான்? நம்ம பசங்க சும்மா தட்டி வைப்பாங்க. சொல்லு தங்கம்.”
நெட்டையின் தெருப் பெயரை அடித்தேன். ‘ஏழரை மணி, பொண்ணை ஸ்கூல்ல விடக் கிளம்புவான்’ என்றும் அடித்தேன். அனுப்ப விரல் போய்விட்டது. அந்தக் குழந்தைக்கு ஆறு வயது. என்னைப் பெரியப்பா என்று கூப்பிடும்.
அழித்தேன்.

ஏப்ரல் 3
போனையும் அந்த நான்கு பக்கத்தையும் நெட்டையின் மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் படித்தான்.
“அனுப்பிட்டியாடா?”
“இல்லடா.”
“அடிச்சியா?”
“அடிச்சேன்.”
என் முகத்தைப் பார்க்காமல், “வெளில இரு,” என்றான்.

ஏப்ரல் 19
விசாரணை முடியும்வரை எனக்குப் பழைய கோப்பு அறை. அண்ணனுக்குச் சந்தேகம் வராமலிருக்க, என் பொய்ப் பெயரில் இப்போது நெட்டையே எழுதுகிறான். மத்தியானம் வந்து எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தான்.
“எனக்கு எழுத வரலடா. நான் உனக்கு என்னென்ன பண்ணேன்? நீயே சொல்லு.”
பயிற்சி நாளிலிருந்து தொடங்கினேன். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை; சொல்லச் சொல்ல ஏறிக்கொண்டுதான் வந்தது. அவன் குனிந்து அடித்துக்கொண்டே இருந்தான். அறிக்கை விஷயம் வந்ததும் நிறுத்தினான். அந்த வரியை மட்டும் அழித்தான்.
“இது அவனுக்கு வேணாம். பாதி உன்னோடதுதான்,” என்றான். “மேல சொல்லு.”
சொன்னேன்.